லூசில் பால்

லூசில் டிசிரே பால் (ஆகஸ்டு 6, 1911 – ஏப்ரல் 26, 1989) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நகைச்சுவை நடிகையும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் ஆவார். 1951 முதல் 1957 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஐ லவ் லூசி என்ற நகைச்சுவைத் தொடரில் லூசி ரிக்கார்டோ என்னும் இல்லத்தரசியாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். இத்தொடர் படமாக்கப்பட்ட விதம் பின்னாளைய நகைச்சுவைத் தொடர்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது. கணவர் டெசி ஆர்னாசுடன் இணைந்து இவர் தொடங்கிய டெசிலு நிறுவனம் ஹாலிவுட்டின் முதன்மையான தொலைக்காட்சிக் கலையகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1962 ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற இவர், ஹாலிவுட்டில் பெரிய தொலைக்காட்சிக் கலையகம் ஒன்றைத் தலைமையேற்று நடத்திய முதல் பெண் எனக் கருதப்படுகிறார். ஸ்டார் ட்ரெக், மிஷன் இம்பாசிபிள் ஆகிய தொடர்கள் இவரது தலைமையின்கீழ் உருவானவை.

இளமைப் பருவம்

லூசில் பால் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி டரெல் பால், பெல் தொலைபேசி நிறுவனத்தில் கம்பி இழுக்கும் பணியாளராக இருந்தார். அவரது வேலையின் காரணமாகக் குடும்பம் மொன்டானா, மிச்சிகன் ஆகிய மாநிலங்களுக்கு இடம்பெயர நேர்ந்தது. 1915 பிப்ரவரியில் தந்தை குடற்காய்ச்சலால் இறந்தார். அப்போது லூசிலுக்கு வயது மூன்று. தாய் டிசிரே இரண்டாவது குழந்தையைக் கருவுற்றிருந்தார். அதே ஆண்டு சூலையில் தம்பி பிரெட் பிறந்தார்.

தந்தையின் மறைவுக்குப் பின்னர் குடும்பம் ஜேம்ஸ்டவுனுக்குத் திரும்பியது. அருகில் உள்ள செலரான் என்ற ஏரிக்கரை ஊரில் தாய்வழிப் பாட்டனார் பிரெட் ஹன்ட்டின் வீட்டில் லூசில் வளர்ந்தார். சமவுடைமைக் கொள்கையில் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்த ஹன்ட், பேரப் பிள்ளைகளைப் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமுடையவர். இவ்விரண்டுமே லூசிலின் பிற்கால வாழ்வில் பெரும் விளைவுகளை உண்டாக்கின. மேடை நிகழ்ச்சிகள் நடிப்பின் மீது விருப்பத்தை ஊட்டின. பாட்டனாரின் அரசியலோ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இவரது தொழில் வாழ்க்கையையே அச்சுறுத்தியது.

தாய் மறுமணம் செய்துகொண்டு வேலை தேடி வெளியூர் சென்றபோது, லூசில் சில காலம் மாற்றாந்தந்தையின் பெற்றோரிடம் விடப்பட்டார். கண்டிப்பான சமயப் பற்றுடைய அம்முதியவர்களின் வீட்டில், குளியலறையில் உள்ளதைத் தவிர வேறு கண்ணாடி கிடையாது. அதில் தன் முகத்தை வியந்து பார்த்துக் கொண்டிருந்ததற்காகத் தாம் கடிந்துகொள்ளப்பட்டதை லூசில் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

1927 ஆம் ஆண்டு, பாட்டனார் வீட்டு முற்றத்தில் சிறுவர்கள் துப்பாக்கிப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் குண்டடிபட்டு முடமானான். அதைத் தொடர்ந்த வழக்கில் குடும்பம் தன் வீட்டை இழந்தது.

நாடகப் பள்ளியும் நியூயார்க் வாழ்க்கையும்

1926 ஆம் ஆண்டு, பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில், லூசில் நியூயார்க் நகரில் இருந்த ஜான் முர்ரே ஆண்டர்சன் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற பெட்டி டேவிஸ் அங்கு சிறந்த மாணவியாக விளங்கிய காலம் அது. மிகுந்த கூச்சமுடையவராக இருந்த லூசிலுக்கு நடிப்பில் எதிர்காலம் இல்லை என்று ஆசிரியர்கள் முடிவு செய்தனர். அவர் சில வாரங்களிலேயே ஊர் திரும்பினார்.

1928 ஆம் ஆண்டு மீண்டும் நியூயார்க் சென்று, ஹாட்டி கார்னெகி என்ற புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளரிடம் விளம்பர அழகியாக வேலை பார்த்தார். இக்காலத்தில் கடுமையான மூட்டுவாத நோய்க்கு ஆளாகிச் சொந்த ஊர் திரும்பி நெடுநாள் சிகிச்சை பெற நேர்ந்தது. உடல்நலம் தேறியதும் மூன்றாம் முறையாக நியூயார்க் சென்ற இவர், டயான் பெல்மான்ட் என்ற புனைபெயரில் மேடை வாய்ப்புகளைத் தேடினார். குழு நடனப் பெண்ணாகக் கிடைத்த வேலைகள் பலவற்றிலிருந்து நீக்கப்பட்டார். செஸ்டர்பீல்டு சிகரெட் விளம்பரத்தில் தோன்றியதே இக்காலத்தில் இவருக்குக் கிடைத்த குறிப்பிடத்தக்க வெற்றியாகும்.

திரைப்படங்களில்

எட்டி கேன்டர் நடித்த ரோமன் ஸ்கேண்டல்ஸ் (1933) என்னும் இசைப்படத்தில் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்டுவினின் நடனப் பெண்களுள் ஒருவராகத் தோன்றும் வாய்ப்புப் பெற்று லூசில் ஹாலிவுட் சென்றார். கொலம்பியா நிறுவனத்தில் சிறிது காலம் பணியாற்றிய பின்னர் ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் ஒப்பந்த நடிகையாகச் சேர்ந்தார். பிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ் இணை நடித்த டாப் ஹாட் (1935) முதலிய படங்களில் மிகச்சிறு வேடங்களில் தோன்றினார். கேத்தரின் ஹெப்பர்னும் ஜிஞ்சர் ரோஜர்சும் நடித்த ஸ்டேஜ் டோர் (1937) படத்தில் ஏற்ற துணைப் பாத்திரம் இவரைக் கவனத்துக்குக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு மார்க்ஸ் சகோதரர்களுடன் ரூம் சர்வீஸ் படத்தில் நடித்தார்.

இருப்பினும் முதல்நிலை நட்சத்திரமாக இவரால் உயர இயலவில்லை. குறைந்த செலவில் எடுக்கப்படும் இரண்டாம் தரப் படங்களிலேயே பெரும்பாலும் கதைத்தலைவியாக நடித்ததால் அவ்வகைப் படங்களின் அரசி என்று அழைக்கப்பட்டார். டோரதி ஆர்ஸ்னர் இயக்கிய டான்ஸ், கேர்ள், டான்ஸ் (1940), ஹென்றி ஃபோண்டாவுடன் நடித்த தி பிக் ஸ்ட்ரீட் (1942) ஆகியவை இக்காலப் படங்களுள் சிறந்தவையாக மதிக்கப்படுகின்றன.

1942 ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு மாறினார். டு பாரி வாஸ் எ லேடி (1943) என்ற வண்ணப்படத்துக்காக இவரது கூந்தல் செந்நிறமாக மாற்றப்பட்டது. அந்நிறமே வாழ்நாள் முழுவதும் இவரது அடையாளமாயிற்று. எம்.ஜி.எம்மில் அப்போது நகைச்சுவை ஆலோசகராக இருந்த ஊமைப்படக் கால மேதை பஸ்டர் கீட்டன், பொருட்களைக் கையாண்டு நகைச்சுவை உண்டாக்கும் கலையை இவருக்குக் கற்றுத் தந்தார். நிறுவனம் இவரிடம் அழகை மட்டுமே கண்டது. கீட்டனோ உடலசைவால் சிரிக்க வைக்கும் ஆற்றலைக் கண்டார். ஆனால் அந்த ஆற்றலுக்கு ஏற்ற வேடங்கள் திரைப்படத்தில் இவருக்கு அரிதாகவே கிடைத்தன.

டெசி ஆர்னாசுடன் திருமணம்

டூ மெனி கேர்ள்ஸ் (1940) படப்பிடிப்பில் கியூபாவைச் சேர்ந்த இசைக்குழுத் தலைவர் டெசி ஆர்னாசை லூசில் சந்தித்தார். ஆர்னாஸ், சான்டியாகோ நகரத் தந்தையாக இருந்தவரின் மகன். 1933 ஆம் ஆண்டின் புரட்சியில் குடும்பம் சொத்துகளை இழக்க, தந்தையும் மகனும் புளோரிடாவுக்குப் புலம்பெயர்ந்தனர். அங்கு இசைக் கலைஞராக உயர்ந்த ஆர்னாஸ், கோங்கா நடனத்தை அமெரிக்காவில் பரப்பியவர்களுள் ஒருவராவார். லூசிலைவிட ஆறு வயது இளையவர். இருவரும் 1940 நவம்பர் 30 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் திருமணம் செய்துகொண்டனர்.

ஆர்னாஸ் இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் செல்வதும், லூசில் ஹாலிவுட்டில் தங்கிவிடுவதுமாக வாழ்க்கை கழிந்தது. ஆர்னாசின் குடிப்பழக்கமும் பிற பெண்களுடனான உறவுகளும் பிளவை வளர்த்தன. 1944 ஆம் ஆண்டு லூசில் மணமுறிவு கோரி மனுச் செய்தார். ஆயினும் இருவரும் விரைவில் சமரசமாயினர். இருவரும் ஒரே ஊரில் தங்கிச் சேர்ந்து பணியாற்றினால் மட்டுமே திருமணம் நிலைக்கும் என்ற எண்ணம் லூசிலிடம் வலுப்பெற்றது. தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதற்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு

1948 ஆம் ஆண்டு சி.பி.எஸ். வானொலியில் தொடங்கிய மை ஃபேவரிட் ஹஸ்பண்ட் என்ற நகைச்சுவைத் தொடரில் லூசில் மனைவியாகவும் ரிச்சர்டு டென்னிங் கணவராகவும் நடித்தனர். ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் ஆகிய எழுத்தாளர்கள் இவருடன் இணைந்தது இத்தொடரில்தான். அரங்கில் அமர்ந்திருந்த மக்களின் சிரிப்பு லூசிலின் நடிப்பைப் பெரிதும் உயர்த்தியது.

இத்தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர விரும்பிய சி.பி.எஸ்., பழைய கணவர் நடிகரையே எண்ணியிருந்தது. ஆர்னாஸ்தான் கணவராக நடிக்க வேண்டும் என லூசில் வற்புறுத்தினார். அழுத்தமான கியூப உச்சரிப்புடைய ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராகப் பார்வையாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனத்தினர் தயங்கினர். உண்மையில் அவ்விருவரும் மணமாகிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

இத்தயக்கத்தைப் போக்க இருவரும் 1950 ஆம் ஆண்டு ஒரு மேடை நிகழ்ச்சியை உருவாக்கி நகரம் நகரமாகச் சென்று நடத்தினர். நிகழ்ச்சிக்குக் கிடைத்த வரவேற்பு எதிர்ப்பை அடக்கியது. தங்கள் பெயர்களின் முதற்பகுதிகளைச் சேர்த்து டெசிலு என்ற தயாரிப்பு நிறுவனத்தையும் அவர்கள் அதே ஆண்டு தொடங்கினர். 1951 மார்ச்சில் முன்னோட்டப் பகுதி பதிவு செய்யப்பட்டது. அப்போது லூசில் கருவுற்றிருந்தார். மகள் லூசி ஆர்னாஸ் 1951 சூலை 17 அன்று பிறந்தார்.

ஐ லவ் லூசி

ஐ லவ் லூசி தொடரின் முதல் பகுதி 1951 அக்டோபர் 15 அன்று ஒளிபரப்பானது. பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம் இதன் விளம்பரதாரர். நியூயார்க் நகர அடுக்குமாடி வீடொன்றில் வாழும் கியூப இசைக்குழுத் தலைவர் ரிக்கி ரிக்கார்டோ, அவரது மனைவி லூசி, வீட்டு உரிமையாளர்களான பிரெட், எத்தல் மெர்ட்ஸ் தம்பதியினர் ஆகிய நால்வரே முதன்மைப் பாத்திரங்கள். மெர்ட்ஸ் தம்பதியினராக வில்லியம் ஃபிராலியும் விவியன் வான்சும் நடித்தனர்.

படப்பிடிப்பு முறை

அக்காலத்தில் பெரும்பாலான அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. நேரலை சென்றடையாத மேற்குக் கடற்கரை மக்களுக்காக, ஒரு திரையில் ஓடும் நிகழ்ச்சியைத் திரைப்படக் கருவி கொண்டு பதிவு செய்து அனுப்புவர். கினெஸ்கோப் எனப்பட்ட இப்படிகள் மங்கலாகவும் தெளிவற்றும் இருந்தன. லூசிலும் ஆர்னாசும் கலிபோர்னியாவை விட்டு வர மறுத்தனர். அங்கிருந்து நேரலை செய்தால், மக்கள் தொகை மிகுந்த கிழக்குப் பகுதியினர் மங்கலான படியைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் விளம்பரதாரர் இதை ஏற்கவில்லை.

தொடரை 35 மி.மீ. திரைப்படச் சுருளில் நேரடியாகப் படமாக்கிவிடுவது என்ற தீர்வை ஆர்னாஸ் முன்வைத்தார். அவ்வாறு செய்தால் நாடு முழுவதும் ஒரே தரத்தில் படம் தெரியும். ஆனால் இதற்குச் செலவு அதிகம். அதை ஈடுசெய்ய இருவரும் வாரத்துக்கு 1,000 டாலர் ஊதியக் குறைப்பை ஏற்றுக்கொண்டு, அதற்கு மாற்றாகப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டுப் பெற்றனர். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு மறுபடியும் மதிப்பு இருக்கும் என்று அன்று எவரும் பெரிதாக எண்ணவில்லை. டெசிலுவின் செல்வம் அனைத்துக்கும் இவ்வுரிமையே அடிப்படையாயிற்று.

நேரடிப் பார்வையாளர்களின் முன்னிலையில் நடித்தால்தான் லூசிலின் திறமை முழுமையாக வெளிப்படும் என்பதால், திரைப்படம் போலக் காட்சிகளைத் துண்டு துண்டாக எடுக்க இயலாது. எனவே மூன்று படப்பிடிப்புக் கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கும் முறை கையாளப்பட்டது. இம்முறை அதற்கு முன்னரே சில நிகழ்ச்சிகளில் முயலப்பட்டிருந்தாலும், நடிப்புத் தொடருக்கு ஏற்றவாறு அதைச் செம்மைப்படுத்தியது டெசிலுவே. மெட்ரோபோலிஸ் (1927) உள்ளிட்ட படங்களின் ஒளிப்பதிவாளரும் ஆஸ்கார் விருது பெற்றவருமான கார்ல் ஃபிராய்ண்டு இப்பொறுப்பை ஏற்றார். பொதுவாக ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகளை மாற்றி அமைப்பது வழக்கம். மூன்று கருவிகள் ஒருசேர இயங்கும்போது அது இயலாது. எனவே ஃபிராய்ண்டு விளக்குகளைப் பெரும்பாலும் மேலே பொருத்தி, அரங்கம் முழுவதும் சீரான ஒளி பரவும்படி அமைத்தார். தரையில் தடையேதும் இல்லாததால் கருவிகள் சக்கர வண்டிகளில் தடையின்றி நகர முடிந்தது. பின்னர் மூன்று சுருள்களையும் அருகருகே ஓடவிட்டுப் பார்க்கும் படத்தொகுப்புப் பொறியின் உதவியால் ஒவ்வொரு காட்சிக்கும் சிறந்த கோணம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

சுமார் 300 பார்வையாளர்கள் அமரும் வகையில் கலையகம் மாற்றி அமைக்கப்பட்டது. தொடரில் ஒலிக்கும் சிரிப்பு அவர்களுடையதே. மூன்று கருவி முறை பின்வந்த பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் நிலைபெற்றது.

கதையமைப்பும் நடிப்பும்

எப்படியாவது மேடையேறிப் புகழ்பெற வேண்டும் என்று துடிக்கும் மனைவி, அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பும் கணவர் என்ற முரணே பெரும்பாலான கதைகளின் அடிப்படை. லூசி ரிக்கார்டோ ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஒரு சூழ்ச்சியில் இறங்கித் தோல்வியடைவார். அடுத்த வாரம் சோர்வின்றி மீண்டும் முயல்வார். பாத்திரத்துக்குத் திறமை குறைவு. அதை நடித்தவரோ தன் துறையின் முதன்மையான தொழிலதிபர்களுள் ஒருவராக வளர்ந்து கொண்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

புகழ்பெற்ற காட்சிகளுள் சில வருமாறு. 1952 மே மாதம் ஒளிபரப்பான பகுதியில், சத்து மருந்து விளம்பரம் ஒன்றுக்கு ஒத்திகை பார்க்கும் லூசி, அம்மருந்தில் சாராயம் கலந்திருப்பதை அறியாமல் கரண்டி கரண்டியாகக் குடித்துப் படிப்படியாகப் போதையேறி மருந்தின் பெயரையே சொல்ல முடியாமல் தடுமாறுவார். அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான பகுதியில், மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் லூசியும் எத்தலும், வேகமாக நகரும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைச் சுற்றி முடிக்க இயலாமல் வாயிலும் உடையிலும் தொப்பியிலும் திணித்துக் கொள்வர். 1955 ஆம் ஆண்டு ஹார்ப்போ மார்க்சுடன் நடித்த பகுதியில், எதிரெதிரே நின்று கண்ணாடிப் பிம்பம் போல அசையும் காட்சி இடம்பெற்றது. 1956 ஆம் ஆண்டு பகுதியில் இத்தாலியில் திராட்சை மிதிக்கும் தொட்டிக்குள் லூசி மற்றொரு பெண்ணுடன் கட்டிப் புரள்வார்.

இக்காட்சிகள் தற்செயலாக அமைந்தவை போலத் தோன்றினும், லூசில் எதையும் அவ்விடத்தில் கற்பனை செய்து நடிப்பவர் அல்லர். எழுத்தாளர்கள் ஒவ்வோர் அசைவையும் விரிவாக எழுதித் தந்தனர். கடினமான சேட்டைகளை மேடலின் பியூ முதலில் தாமே செய்து பார்த்து, அவை இயலக்கூடியவை என்று உறுதி செய்வார். பின்னர் பல நாட்கள் ஒத்திகை நடக்கும். கையாள வேண்டிய பொருள் எதுவாயினும் அதில் தேர்ச்சி பெறும் வரை லூசில் பயிற்சி செய்வார். அழகைக் காப்பதற்காக முகத்தைக் கோணாத நடிகைகள் மிகுந்திருந்த காலத்தில், முகத்தில் மாவு பூசிக்கொள்ளவும் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ளவும் இவர் தயங்கவில்லை.

ஆறு பருவங்களில் 180 பகுதிகள் ஒளிபரப்பாயின. அவற்றுள் நான்கு பருவங்களில் நாட்டிலேயே மிகுதியான மக்கள் பார்த்த தொடராக இது விளங்கியது. முதலிடத்தில் இருக்கும்போதே 1957 மே மாதம் வாராந்தரத் தொடர் நிறுத்தப்பட்டது.

கருவுற்ற காலக் கதைகள்

1952 ஆம் ஆண்டு லூசில் இரண்டாம் முறை கருவுற்றார். அக்காலத் தொலைக்காட்சியில் கணவன் மனைவி ஒரே கட்டிலில் படுத்திருப்பதைக் காட்டுவதுகூட வழக்கமில்லை. கருவுற்ற நடிகையை மேசை நாற்காலிகளுக்குப் பின்னால் மறைத்துப் படமெடுக்கலாம் என்று தொலைக்காட்சி நிறுவனமும் விளம்பரதாரரும் கருதினர். ஆர்னாஸ் இதை ஏற்க மறுத்து, பாத்திரமும் கருவுற்றிருப்பதாகக் கதை அமைக்க வேண்டும் என்று வாதாடி வென்றார். ஆயினும் கருவுற்றவர் என்பதற்கான நேரடி ஆங்கிலச் சொல்லை வசனங்களில் பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. இடக்கரடக்கலான சொற்களே ஆளப்பட்டன. கத்தோலிக்கக் குரு, சீர்திருத்தச் சபைப் போதகர், யூத குரு ஆகிய மூவர் ஒவ்வொரு கதைவசனத்தையும் படித்து ஒப்புதல் தந்தனர். அவர்கள் எதையும் நீக்கச் சொல்லவில்லை.

லூசி ரிக்கார்டோ மருத்துவமனைக்குச் செல்லும் பகுதி முன்னரே படமாக்கப்பட்டு, 1953 சனவரி 19 அன்று ஒளிபரப்பானது. அதே நாளில் லூசிலுக்கு அறுவை சிகிச்சை மூலம் மகன் இளைய டெசி ஆர்னாஸ் பிறந்தார். சுமார் 4.4 கோடி மக்கள் இப்பகுதியைப் பார்த்ததாக மதிப்பிடப்படுகிறது. மறுநாள் நடைபெற்ற குடியரசுத் தலைவர் ஐசனாவரின் பதவியேற்பு விழாவைப் பார்த்தோர் எண்ணிக்கை இதைவிடக் குறைவாகும். 1953 ஏப்ரலில் நாடு தழுவிய இதழாக வெளிவரத் தொடங்கிய டி.வி. கைடு தனது முதல் அட்டையில் இக்குழந்தையின் படத்தை வெளியிட்டது. மகப்பேற்று ஓய்வின்போது முன்னர் வெளியான பகுதிகள் மீண்டும் ஒளிபரப்பப்பட்டன. மறுஒளிபரப்புக்கும் பார்வையாளர்கள் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

1953 ஆம் ஆண்டு விசாரணை

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க எதிர்ச் செயல்களை ஆராயும் நாடாளுமன்றக் குழு, திரைத்துறையில் பொதுவுடைமையாளர்களைத் தேடிவந்தது. 1947 முதல் பல எழுத்தாளர்களும் நடிகர்களும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை இழந்தனர். 1936 ஆம் ஆண்டு வாக்காளர் பதிவின்போது லூசில் தம்மைப் பொதுவுடைமைக் கட்சி ஆதரவாளராகப் பதிவு செய்திருந்தது குழுவுக்குத் தெரியவந்தது.

1953 செப்டம்பர் 4 அன்று குழுவின் புலனாய்வாளர் முன்னிலையில் லூசில் சாட்சியம் அளித்தார். முதிய பாட்டனாரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே குடும்பத்தினர் அவ்வாறு பதிவு செய்ததாகவும், தாம் ஒருபோதும் கட்சியில் உறுப்பினராக இருந்ததில்லை என்றும் விளக்கினார். சாட்சியம் கமுக்கமாக வைக்கப்பட்டிருந்தும், சில நாட்களில் வால்டர் வின்செல் என்ற செய்தியாளர் வானொலியில் பெயர் குறிப்பிடாமல் இதைக் கசியவிட்டார். செப்டம்பர் 11 அன்று பதிவு அட்டையின் படத்துடன் நாளிதழ்களில் செய்தி வெளியானது.

அன்று மாலை புதிய பருவத்தின் படப்பிடிப்பு நடைபெற வேண்டியிருந்தது. வழக்கமான வேடிக்கைப் பேச்சுக்கு மாறாக, ஆர்னாஸ் பார்வையாளர்கள் முன் நின்று மனைவியின் நிலையை விளக்கினார். தாமே புரட்சியால் நாட்டை விட்டு வந்தவர் என்பதை நினைவூட்டிய அவர், மனைவியிடம் சிவப்பாக இருப்பது கூந்தல் மட்டுமே, அதுவும் இயற்கையானதன்று என்னும் பொருள்படப் பேசி அரங்கைச் சிரிக்க வைத்தார். மக்கள் எழுந்து கைதட்டி லூசிலை வரவேற்றனர். அவருக்கு எதிராகச் சான்று எதுவும் இல்லை என்று குழுவின் தரப்பிலிருந்து அறிவிக்கப்பட்டது. விளம்பரதாரரும் விலகவில்லை. இதைவிடச் சிறிய ஐயங்களுக்காகத் தொழிலை இழந்தோர் பலர் இருந்த அக்காலத்தில், தொடரின் செல்வாக்கும் இவரைக் காத்தது எனலாம்.

டெசிலுவின் வளர்ச்சி

ஐ லவ் லூசிக்காக உருவான தொழில்நுட்பத்தையும் பணியாளர்களையும் கொண்டு டெசிலு பிற தொடர்களையும் தயாரிக்கத் தொடங்கியது. பிற நிறுவனங்களின் தொடர்களுக்குக் கலையகத்தை வாடகைக்கும் விட்டது. ஐ லவ் லூசியின் மறுஒளிபரப்பு உரிமையைச் சி.பி.எஸ். பல மில்லியன் டாலருக்கு விலைக்கு வாங்கியது. அப்பணத்தின் துணையுடன் டெசிலு 1957 ஆம் ஆண்டு ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் கலையகங்களைச் சுமார் 60 இலட்சம் டாலருக்கு வாங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் சிறு வேடங்களுக்காக ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்த அதே இடத்துக்கு லூசில் உரிமையாளரானார்.

1957 முதல் 1960 வரை ரிக்கார்டோ, மெர்ட்ஸ் குடும்பங்களின் கதை ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சிகளாக 13 பகுதிகளில் தொடர்ந்தது. இக்காலத்தில் ஆர்னாசின் பணிச்சுமையும் குடிப்பழக்கமும் மிகுந்தன. திரையில் இணைபிரியாத் தம்பதியினராகத் தோன்றிய இருவரும் படப்பிடிப்பு நேரத்துக்கு வெளியே பேசிக்கொள்வதே அரிதாயிற்று. 1960 மார்ச்சில் கடைசிப் பகுதியின் படப்பிடிப்பு முடிந்தவுடன் லூசில் மணமுறிவு கோரினார். அதே ஆண்டு மே 4 அன்று மணமுறிவு வழங்கப்பட்டது. அதன் பின்னரும் இருவரிடையே நட்பு நீடித்தது. லூசில் 1961 நவம்பரில் நகைச்சுவைக் கலைஞர் கேரி மார்ட்டனை மணந்தார்.

நிறுவனத் தலைவராக

1962 ஆம் ஆண்டு ஆர்னாசின் பங்குகளைச் சுமார் 25 இலட்சம் டாலருக்கு வாங்கி லூசில் டெசிலுவின் தலைவரானார். கணக்கு வழக்குகளையும் பேரங்களையும் அதுவரை ஆர்னாசே கவனித்து வந்தார். தாம் விரும்பி ஏற்ற பொறுப்பன்று இது என லூசில் பின்னர் கூறியுள்ளார். அப்போது நிறுவனத்தின் சொந்தத் தொடர்கள் குறைந்து வருவாய் தேய்ந்திருந்தது.

1960களின் நடுவில் இரண்டு புதிய தொடர்கள் அவர்முன் வைக்கப்பட்டன. ஒன்று ஜீன் ராடன்பெரி உருவாக்கிய ஸ்டார் ட்ரெக். மற்றொன்று புரூஸ் கெல்லர் உருவாக்கிய மிஷன் இம்பாசிபிள். இரண்டுமே பெருஞ்செலவு பிடிப்பவை. நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் எதிர்ப்பு இருந்தபோதிலும் லூசில் இவற்றுக்கு ஆதரவளித்தார். ஸ்டார் ட்ரெக்கின் முதல் முன்னோட்டப் பகுதியை என்.பி.சி. நிராகரித்தபோது, வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது முன்னோட்டம் தயாரிக்கப்பட்டது. இரு தொடர்களும் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கின.

1967 ஆம் ஆண்டு டெசிலுவை கல்ஃப் அண்டு வெஸ்டர்ன் நிறுவனத்துக்குச் சுமார் 1.7 கோடி டாலருக்கு லூசில் விற்றார். அடுத்த மனையிலிருந்த பாரமவுண்ட் நிறுவனமும் அவர்களுக்கே உரியதாக இருந்ததால் டெசிலு அதனுடன் இணைக்கப்பட்டது. ஸ்டார் ட்ரெக், மிஷன் இம்பாசிபிள் ஆகியவற்றின் பெருஞ்செல்வம் பின்னாளில் பாரமவுண்டையே சேர்ந்தது.

பிற்காலத் தொடர்கள்

1962 முதல் 1968 வரை ஒளிபரப்பான தி லூசி ஷோ தொடரில் லூசில் கணவரை இழந்த பெண்ணாகவும், விவியன் வான்ஸ் மணமுறிவு பெற்ற பெண்ணாகவும் நடித்தனர். மணமுறிவு பெற்ற பெண்ணைத் தொடரின் முதன்மைப் பாத்திரமாகக் காட்டுவது அன்று புதுமையாகும். சி.பி.எஸ். கறுப்பு வெள்ளையில் மட்டுமே ஒளிபரப்பிய நிலையிலும், மறுஒளிபரப்பின் மதிப்பை உணர்ந்து 1963 முதலே இத்தொடர் வண்ணத்தில் படமாக்கப்பட்டது. இதைத் தொடர்ந்து வந்த ஹியர்ஸ் லூசி (1968–1974) தொடரில் இவரது பிள்ளைகள் இருவரும் உடன் நடித்தனர். 1972 ஆம் ஆண்டு பனிச்சறுக்கு விபத்தில் இவரது கால் முறிந்தபோது, பாத்திரத்துக்கும் கால் முறிந்ததாகக் கதை மாற்றப்பட்டது.

திரைப்படங்களுள் ஹென்றி ஃபோண்டாவுடன் நடித்த யுவர்ஸ், மைன் அண்டு அவர்ஸ் (1968) வெற்றி பெற்றது. மேம் (1974) என்ற இசைப்படம் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. 1985 ஆம் ஆண்டு ஸ்டோன் பில்லோ என்ற தொலைக்காட்சிப் படத்தில் நியூயார்க் தெருக்களில் வாழும் வீடற்ற மூதாட்டியாக நடித்தார்.

1986 ஆம் ஆண்டு, 75 ஆம் வயதில், ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காக லைஃப் வித் லூசி என்ற தொடரைத் தொடங்கினார். பழைய பாணிச் சேட்டைகளை அவ்வயதில் அவர் செய்வதைப் பார்வையாளர்கள் விரும்பவில்லை. எட்டுப் பகுதிகளுடன் தொடர் நிறுத்தப்பட்டது. நாற்பதாம் வயதில் தொலைக்காட்சிக்கு வந்தது முதல் தொடர்ந்து வெற்றி கண்ட இவரை இத்தோல்வி மிகவும் பாதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று டெசி ஆர்னாஸ் புற்றுநோயால் இறந்தார். சில நாட்கள் கழித்து லூசிலுக்குக் கென்னடி மையத்தின் சிறப்பு விருது வழங்கப்பட்டபோது, ஆர்னாஸ் இறக்கும் முன் எழுதியிருந்த பாராட்டுரை மேடையில் வாசிக்கப்பட்டது.

மறைவு

1989 மார்ச் 29 அன்று நடைபெற்ற ஆஸ்கார் விருது விழாவில் பாப் ஹோப்புடன் மேடையேறியதே லூசில் கடைசியாகப் பொதுமக்கள் முன் தோன்றிய நிகழ்ச்சியாகும். ஏப்ரல் 18 அன்று நெஞ்சுவலியால் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பெருந்தமனியில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. உடல்நலம் தேறி வருவதாகத் தோன்றிய நிலையில், பெருந்தமனியின் மற்றொரு பகுதி வெடித்து ஏப்ரல் 26 அன்று தனது 77 ஆம் வயதில் இறந்தார். லாஸ் ஏஞ்சலிசில் வைக்கப்பட்டிருந்த இவரது சாம்பல், பிள்ளைகளின் விருப்பப்படி பின்னர் ஜேம்ஸ்டவுனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டது.

விருதுகளும் நினைவும்

நடிப்புக்கான எம்மி விருதை லூசில் நான்கு முறை (1953, 1956, 1967, 1968) பெற்றார். 1984 ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிப் புகழரங்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். இறந்த சில வாரங்களில், 1989 சூலையில், நாட்டின் உயரிய குடியியல் விருதான குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் இவருக்கு அளிக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை இவரது படத்துடன் அஞ்சல்தலை வெளியிட்டது.

ஜேம்ஸ்டவுனில் லூசில், ஆர்னாஸ் இருவருக்குமான அருங்காட்சியகமும், 2018 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நகைச்சுவை மையமும் உள்ளன. செலரானில் 2009 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வெண்கலச் சிலை இவரைப் போல இல்லை என்று பலர் குறைகூறியதால், 2016 ஆம் ஆண்டு புதிய சிலை வைக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டு வெளியான பீயிங் தி ரிக்கார்டோஸ் என்ற திரைப்படத்தில் நிக்கோல் கிட்மன் இவரது வேடத்தில் நடித்தார்.

நடித்த தொலைக்காட்சித் தொடர்கள்

* ஐ லவ் லூசி (1951–1957)
* லூசி – டெசி ஒரு மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சிகள் (1957–1960)
* தி லூசி ஷோ (1962–1968)
* ஹியர்ஸ் லூசி (1968–1974)
* லைஃப் வித் லூசி (1986)